12 வருஷம் கழித்துப் புகார் கொடுத்தால் எடுப்பார்களா?

கேள்வி: வக்கீலம்மா, எனக்கு வயது 27. மதுரைக்குப் பக்கத்து ஊர். எட்டாவது படிக்கும்போது எங்கள் ஏரியாவில் இருந்த இளைஞர் மன்றத்தில் சேர்ந்தேன். சிலம்பம், கபடி, பரேடு எல்லாம் சொல்லித் தருவார்கள். அங்கே இருந்த மாஸ்டர் 2011 கடைசியிலிருந்து ஒன்றரை வருஷம் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். மன்றக் கட்டடத்தில் ராத்திரி தங்கும்போது ஆரம்பித்தது. 2013 மே மாதம் சிறுமலையில் நடந்த கோடை முகாமில்தான் ரொம்ப மோசமாக நடந்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டேன். அந்த முகாம் முடிந்ததும் இன்னொரு பையனின் அம்மா மன்றச் செயலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "வெளியே தெரிஞ்சா மன்றத்துக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லி, மாஸ்டரை வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் ஒரு ஃப்ளெக்ஸில் அவர் படத்தைப் பார்த்தேன். விடுமுறை முகாம் விளம்பரம், சுற்றிச் சின்னப் பையன்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தின் மேல் வழக்குப் போட்டு எத்தனையோ பேர் இழப்பீடு வாங்கியதாகப் படித்தேன். இங்கே முடியுமா? கையில் ஆதாரம் எதுவும் இல்லை. மனைவிக்கு இது தெரியாது. என் பெயர் வெளியே வருமா? பேசாமல் ஃபேஸ்புக்கில் எழுதிவிடலாமா?
— பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். எடுப்பார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குற்ற வழக்குக்குக் காலக்கெடு இருப்பது சின்னக் குற்றங்களுக்கு மட்டும். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் 1 வருஷம், மூன்றாண்டு வரை என்றால் 3 வருஷம். அதற்கு மேல் தண்டனை உள்ள எந்தக் குற்றத்துக்கும் கெடு கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு சொன்னது இதுதான். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு சொல்வதும் இதுதான். சின்ன வயதில் நடந்ததைப் பெரியவரான பிறகு புகார் கொடுக்கலாமா என்ற சந்தேகம் எழுந்தபோது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் புகாருக்குக் காலவரம்பு எதுவும் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகமே 2018 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. எனவே "இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தே, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால், அது சட்டம் இல்லை, அவர் சொந்த அபிப்பிராயம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு தேதி மிக முக்கியம்: 2012 நவம்பர் 14. போக்சோ சட்டம் அமலுக்கு வந்த நாள். உங்களுக்கு நடந்ததில் பாதி அந்த நாளுக்கு முன்னால், பாதி பின்னால். ஒரு செயல் நடந்த அன்று என்ன சட்டம் இருந்ததோ, அதன்படிதான் தண்டிக்க முடியும். அரசியல் சாசனத்தின் 20(1) இதை உறுதியாகச் சொல்கிறது.

2012 நவம்பருக்கு முந்தையதை முதலில் பார்ப்போம், கசப்பானது அதுதான். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் மானபங்கத்துக்கான 354ஆம் பிரிவு பெண்களுக்கு மட்டும். ஒரு பையனைத் தொட்டுத் தடவியதற்கு என்று தனிப் பிரிவே கிடையாது. வன்புணர்ச்சி அளவுக்குப் போயிருந்தால் மட்டும், இயற்கைக்கு மாறான உறவுக்கான 377ஆம் பிரிவு பொருந்தும். அதில் ஆயுள் தண்டனை வரை உண்டு, காலக்கெடு இல்லை. அந்தப் பிரிவை 2018இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதாகச் சொல்வார்கள். ரத்தானது வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்வதற்கு மட்டும். குழந்தைகள் விஷயத்தில் அது அப்படியேதான் இருந்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு இணையான பிரிவு இல்லாவிட்டாலும், 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம் செல்லும். இதே காலத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் இதைப் படித்தால்: வன்புணர்ச்சிக்கான 376ஆம் பிரிவு அன்றும் இருந்தது, கெடு இல்லை. ஆனால் 354க்கு அன்று இரண்டாண்டு வரைதான் தண்டனை என்பதால், அதற்கு மூன்று வருஷக் கெடு முடிந்துபோயிருக்கும்.

சிறுமலை முகாம் நடந்தது 2013 மே. அப்போது போக்சோ வந்துவிட்டது. அந்தச் சட்டத்துக்கு ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற பேதம் கிடையாது. குழந்தைகளுக்குச் சேவை தரும் நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவரோ ஊழியரோ, குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருப்பவரோ செய்தால் அது கடுமையான வகையில் சேரும். திரும்பத் திரும்பச் செய்தாலும் அப்படியே. மாஸ்டருக்கு இவை எல்லாமே பொருந்தும். வன்புணர்ச்சி என்றால் 6ஆம் பிரிவு, அன்றைய நிலவரப்படி 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. (2019 ஆகஸ்டில் குறைந்தபட்சத்தை 20 ஆண்டாக்கினார்கள், அது உங்கள் வழக்குக்கு வராது.) மற்ற வகைத் தொடுதல்கள் என்றால் 10ஆம் பிரிவு, 5 முதல் 7 ஆண்டு. இரண்டுக்குமே காலக்கெடு இல்லை.

என்ன நடந்தது என்று கடிதத்தில் நீங்கள் விவரிக்கவில்லை, விவரிக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும்: "துணிக்கு மேலதானே, இதெல்லாம் ஒரு கேஸா" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்ற பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பாலியல் நோக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

2011, 2012 சம்பவங்களுக்குத் தண்டனை கிடைக்காமல் போகலாம் என்பதற்காக அவற்றைப் புகாரிலிருந்து விட்டுவிடாதீர்கள். எப்படி ஆரம்பித்தது, உங்களை எப்படிப் பழக்கினார், ஏன் வெளியே சொல்ல முடியவில்லை என்பதற்கெல்லாம் அவைதான் விளக்கம்.

அடுத்து அந்த ஃப்ளெக்ஸ். நீங்கள் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் முடிவு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் அந்தப் படத்தில் இருந்த பையன்கள் உங்கள் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. அதற்குத் தனி வழி இருக்கிறது. 1098, குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இன்ன இடத்தில் இன்னார் நடத்தும் முகாமில் குழந்தைகளுக்கு ஆபத்து இருப்பதாக அஞ்சுகிறேன் என்று சொன்னால் போதும். உங்கள் பெயரோ உங்கள் கதையோ சொல்ல வேண்டியதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம். போக்சோ 19ஆம் பிரிவு, குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தகவல் சொல்லச் சொல்கிறது. நல்லெண்ணத்தில் தகவல் தருபவர் மேல் சிவிலாகவோ கிரிமினலாகவோ வழக்கு வராது என்றும் அதே பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. இதை இந்த வாரமே செய்யுங்கள். தூக்கம் வராததற்குப் பாதிக் காரணம் அந்தப் படம்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

இனி, புகார் கொடுப்பது என்று முடிவெடுத்தால்.

நம் மாவட்டத்தில் போக்சோ வழக்குகளைப் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களில்தான் பார்க்கிறார்கள். தல்லாகுளம், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று உங்களுக்குக் கிட்டத்தில் ஒன்று இருக்கும். ஓர் ஆண்பிள்ளை மகளிர் ஸ்டேஷன் படி ஏறுவதா என்று தயங்க வேண்டாம். பையன்களின் வழக்குகளும் அங்கேதான் போகின்றன. ஆனால் உள்ளே நுழைந்ததும் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். முன்னால் ஒரு மேஜை, ரைட்டர் உட்கார்ந்திருப்பார். பக்கத்து பெஞ்சில் குடும்பத் தகராறுக்கு வந்த நாலு பேர். "என்ன விஷயம் சொல்லுங்க" என்று அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார். அங்கே நின்று வாயால் எதையும் சொல்லாதீர்கள். புகாரை வீட்டிலேயே எழுதி, ஒட்டிய கவரில் போட்டு எடுத்துப் போங்கள். "போக்சோ புகார், இன்ஸ்பெக்டரம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும்" என்ற ஒரு வரி போதும். கூட நம்பிக்கையான ஒருவர், முடிந்தால் ஒரு வக்கீல் இருக்கட்டும்.

புகாரை வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது நம் ஊர் வழக்கம். அந்த ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. மனு வந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ரொம்ப நாள் தாமதமான புகார் என்றால் முதல்நிலை விசாரணை செய்யலாம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் ஓர் இடம் வைத்திருக்கிறது. அதை உங்களிடம் சொல்வார்கள். ஆனால் அந்த விசாரணை நீங்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க அல்ல, குற்றம் என்று சொல்லத்தக்க விஷயம் புகாரில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும். தேதியும் இடமும் ஆளும் தெளிவாக எழுதிய புகாரில் அதற்கு வேலையே இருக்காது.

"சிறுமலை திண்டுக்கல் மாவட்டம், அங்கே போய்க் கொடுங்க" என்றும் சொல்லக்கூடும். போக வேண்டியதில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதைத்தான். அப்படியும் மறுத்தால் மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கும், புறநகர் என்றால் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்றத்தில் மனு. போக்சோ புகாரைப் பதிய மறுப்பதே 21ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை மரியாதையாக ஞாபகப்படுத்தினால், பெரும்பாலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

ஆதாரம் இல்லை என்கிறீர்கள். வீட்டில் தேடிப் பார்த்தீர்களா? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும். 2013இல் உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்பதற்கு அவை போதும், இந்த வழக்கின் அஸ்திவாரமே அதுதான். கோடை முகாமில் கலந்துகொண்டதற்குச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். அம்மா அதைச் சான்றிதழ் ஃபைலில் போட்டு பீரோவில் வைத்திருப்பார். முகாமில் எடுத்த குரூப் போட்டோ, ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் தேதி விழுந்திருக்கும். மாஸ்டர் நடுவில் நிற்பார், நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒரு படம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடும்: முகாம் நடந்தது, அவர் இருந்தார், நீங்கள் இருந்தீர்கள். எதிர்த்தரப்பு முதலில் மறுக்கப்போவது இவற்றைத்தான்.

அதற்கு மேல் நடந்ததற்கு உங்கள் சாட்சியமே சாட்சியம். நாலு பேர் பார்க்கும்படி யாரும் இந்தக் குற்றத்தைச் செய்வதில்லை என்று நீதிமன்றங்களுக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம், பாலியல் குற்றங்களில் தாமதத்தை மட்டும் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்று 1996இல் பஞ்சாப் மாநிலத்து குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. போக்சோ 29ஆம் பிரிவு இன்னொரு பலம். அடிப்படைச் சம்பவங்களை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், குற்றம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும்.

ஆகவே இப்போதே ஒரு நோட்டை எடுத்து, நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். சரியான தேதி ஞாபகம் இல்லையென்றால் இட்டுக்கட்டாதீர்கள். "அரைப் பரீட்சை லீவு", "சித்திரைத் திருவிழா முடிந்த வாரம்" என்று எது நினைவிருக்கிறதோ அதை எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் ஆள் அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் மறந்துபோனதால் அல்ல, மறந்துபோனதைத் தெரிந்த மாதிரி சொன்னதால்தான். செல்போனில் பழைய மெசேஜ், படம் ஏதாவது இருந்தால் எடிட் செய்யாமல் அந்த போனோடு பத்திரமாக வையுங்கள்.

சில காரியங்களைச் செய்யவே வேண்டாம். அவரிடம் தனியாகப் போய் நியாயம் கேட்பது, போனில் பேசி ரெக்கார்டு செய்யப் பார்ப்பது, பெரிய மனுஷர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பது, இதில் எதுவும் ஆகாது. அவர்கள் கையில் ஐம்பதாயிரமோ லட்சமோ திணித்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். வாங்கினீர்கள் என்றால் பிறகு "பணம் பறிக்க வந்தான்" என்பதுதான் அவர்களுடைய முதல் வாதம். சட்டப்படியும் இது சமாதானமாகப் போகக்கூடிய குற்றம் இல்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் வந்த வழக்கில், மாணவியின் அப்பா சமரசமாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பி, வழக்கு நடக்கட்டும் என்றது.

அந்தச் செயலாளர். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கோபம் வந்த இடம் இதுதான். ஒரு தாய் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்த ஆளை இன்னொரு ஊர்ப் பிள்ளைகளிடம் அனுப்பிவைத்திருக்கிறார்கள். போக்சோ வந்த பிறகு, ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்றால் 21(2)இன்படி ஓராண்டு வரை சிறை. ஓராண்டுத் தண்டனைக் குற்றம் என்பதால் காலக்கெடுவும் ஓராண்டுதானே, முடிந்துவிட்டதே என்று அவர் வக்கீல் எழுந்து நிற்பார். அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது. சேர்த்து விசாரிக்கத்தக்க குற்றங்கள் என்றால், அவற்றில் பெரிய குற்றத்தின் கெடுவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே 514ஆம் பிரிவு சொல்கிறது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. நிச்சயம் ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், வாதாட இடம் இருக்கிறது. தெரிந்தே வசதி செய்து கொடுத்தார் என்று விசாரணையில் வந்தால் அது உடந்தை. அப்போது மூலக் குற்றத்துக்கான தண்டனையே அவருக்கும், கெடுவும் கிடையாது. மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதிச் சிறுமிகளுக்கு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்ததாக ஒரு மருத்துவர் மேல் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 2022இல் அதை மறுபடி உயிர்ப்பித்தது. தெரிந்தும் சொல்லாதது கடுமையான குற்றம் என்றும் சொன்னது.

2013இல் செயலாளர் யார், தலைவர் யார் என்பதற்கு யாரையும் போய்க் கேட்க வேண்டாம். பதிவு செய்த மன்றம் என்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் நிர்வாகிகள் பட்டியலை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். கட்டணம் கட்டினால் நகல் கிடைக்கும். அந்த இன்னொரு அம்மாவின் பெயரையும் அவர் மகன் பெயரையும் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். நீங்களாக அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். அந்தப் பையன் இதை யாரிடம் சொல்லியிருக்கிறான், சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. தவிர, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள் என்ற வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

பணம், இழப்பீடு. அமெரிக்காவில் நடந்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் மனுப் போட்டது. 82,000க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு முன்வந்தார்கள். சுமார் 246 கோடி டாலர் தீர்வுத் திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது சாத்தியமானதற்கு ஒரு முக்கியக் காரணம், நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டு, காலாவதியான சிவில் வழக்குகளையும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் தாக்கல் செய்ய அனுமதித்ததுதான். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, சிறு வயதில் நேர்ந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்டு மன்றத்தின் மேல் சிவில் வழக்குப் போட 18 வயதிலிருந்து மூன்று வருஷம்தான். அதாவது 21 வயதோடு முடிந்தது. அந்த வயதில் எத்தனை பேருக்கு இதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரும்? சட்டத்தின் இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் இன்றைய நிலை இதுதான். சிவில் வழக்குப் போட்டுத் தருகிறேன், கோடி வாங்கலாம் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இழப்பீட்டுக்கு நமக்கு இருக்கும் வழி கிரிமினல் வழக்கின் வழியாகத்தான். போக்சோ 33(8)உம் 2020ஆம் வருஷத்து விதிகளில் 9ஆம் விதியும், எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகின்றன. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானாலும், ஆளே அகப்படாவிட்டாலும்கூட, பாதிப்பு நடந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. கொடுப்பது மன்றமோ மாஸ்டரோ இல்லை, அரசு நிதி. அன்று குழந்தையாக இருந்து இன்று பெரியவராக வந்திருப்பவருக்கு இது பொருந்துமா என்று அரசுத் தரப்பு கேட்கலாம். குற்றம் நடந்த நாளின் வயதுதான் கணக்கு என்று வாதாட வேண்டியிருக்கும். மனுப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

பெயர் வெளியே வருமா? பத்திரிகையோ டி.வி.யோ யூடியூப் சேனலோ போட முடியாது, போட்டால் அவர்கள் மேல் வழக்கு. பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் போலீஸ் இணையதளத்தில் ஏற்றுவதில்லை, 2016இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விதிவிலக்கு அது. போக்சோ நீதிமன்றத்தில் கதவைச் சாத்தித்தான் விசாரணை. ஆனால் ஊர் வாயை எந்தச் சட்டமும் கட்ட முடியாது என்பதை மறைக்க மாட்டேன். சம்மன் வீட்டுக்கு வரும், காவலர் பைக்கில் வந்து தெருமுனையில் உங்கள் வீட்டு வழி கேட்பார். அதனால் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சட்டம் கேட்பதால் அல்ல, வேறு யார் வாயிலிருந்தோ அவர் இதைக் கேட்கக் கூடாது என்பதற்காக. நேராகச் சொல்ல நா எழவில்லை என்றால், எனக்கு எழுதிய கடிதத்தையே அவரிடம் கொடுங்கள். தூக்கமின்மைக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தைக்கு எதிரான குற்றம் தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லும் கடமை டாக்டருக்கும் கவுன்சிலருக்கும்கூட உண்டு. எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று முதல் சந்திப்பிலேயே அவர்களிடம் கேட்டுவிட்டு, பிறகு பேசுங்கள்.

ஃபேஸ்புக்? இப்போது வேண்டாம், தம்பி. பெயர் போட்டு எழுதினால் அவர் அடுத்த நாளே அவதூறு வழக்குப் போடுவார், நியாய சன்ஹிதா 356இன்படி இரண்டாண்டு வரை சிறை உள்ள குற்றம் அது. நீங்கள் வாதியாக நிற்க வேண்டிய இடத்தில் எதிரியாக நிற்பீர்கள். அதே வார்த்தைகளை நல்லெண்ணத்தோடு போலீசில் புகாராகக் கொடுத்தால் அது அவதூறு ஆகாது, அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. முகாம் போட்டோவைப் போட்டால் மற்றப் பையன்களின் அடையாளமும் வெளியே போகும். தவிர, எழுதிய மறுநிமிஷம் அவருக்கு முன்னெச்சரிக்கை கிடைத்துவிடும்.

எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு முன்ஜாமீனுக்கு ஓடுவார். அங்கே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று இடையீட்டு மனுப் போடலாம். விசாரணைக் கட்டத்திலிருந்தே பாதிக்கப்பட்டவருக்குப் பேச உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. போக்சோ வழக்குகளில் இரண்டு மாதத்தில் புலன்விசாரணை, ஓராண்டில் தீர்ப்பு என்பது ஏட்டில் உள்ள கணக்கு. அதை நம்பி லீவு போடாதீர்கள், இழுக்கும். மாஜிஸ்திரேட் முன் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கும், அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும் என்று இல்லை, தண்ணீர் கேட்கலாம், நிறுத்திவிட்டுத் தொடரலாம். 12 வருஷத்துக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனையால் பெரிய பிரயோஜனம் இருக்காது. உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யவும் முடியாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மற்ற ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு, சான்றிதழ் எடுத்துப் போங்கள். போகும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் அசலையும் இரண்டு நகலையும் கொண்டுபோங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.